பெயர் மாற்றி அழைக்கப்பட்ட சோர்வு

திருவான்மியூருக்குத் தெற்கே கடலை ஒட்டிக் கிடக்கும் கொட்டிவாக்கம், 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணையும் வரை காஞ்சிபுரம் மாவட்டத்து ஊராட்சியாக இருந்தது. மீனவர் குப்பத்தை மையமாகக் கொண்ட இவ்வூர், கிழக்குக் கடற்கரைச் சாலை விரிவடைந்து, 2000இல் தரமணியில் டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்ட பிறகு, கதவடைத்த அறைகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளின் ஊராக மாறியது. பலர் கூடிக் கரைவலை இழுக்கும் வாழ்வில், ஓர் இளைஞன் ஒதுங்கி உட்கார்ந்தால் ஊரே கவனிக்கும். அறைக்குள் முடங்கும் பிள்ளையையோ, வேலை முடிந்து இரவில் திரும்பும் பெற்றோர் இருவர் மட்டுமே கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் கண்ணில் பட்டதெல்லாம் புரிந்துகொள்ளப்பட்டதில்லை. மனச்சோர்வு, அதாவது இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து உறக்கம், பசி, கவனம், ஈடுபாடு ஆகியவற்றைக் குலைக்கும் நோய், தமிழ் வீடுகளில் திமிர், சோம்பல், வயசுக்கோளாறு, கண்ணேறு, காத்துக்கருப்பு என்னும் பெயர்களால் அழைக்கப்பட்டு, அப்பெயர்களுக்கேற்ப அடியும் வசையும் தாயத்தும் மருந்தாயின. அறிகுறிகள் மறைந்திருக்கவில்லை, அவற்றின் பெயரே தவறாக இருந்தது. 1794இல் மதராசில் தொடங்கப்பட்டு, 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம்பெயர்ந்து, 1922இல் அரசு மனநல மருத்துவமனை எனப் பெயர் பெற்ற காப்பகம், வெளிப்படையாகச் சித்தம் கலங்கியவர்களின் இடமாகவே மக்கள் மனத்தில் நிலைத்தது. பேசாமல் வாடும் பள்ளி மாணவியை அங்கே அழைத்துச் செல்லப் பெற்றோர் எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

மருத்துவ உலகுக்கும் இளையோரின் மனச்சோர்வு பற்றிய தெளிவு தாமதமாகவே வந்தது. பிள்ளைகளுக்கு மனச்சோர்வு உண்டா என்பதே 1960களில் விவாதப்பொருளாக இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 1994ஆம் ஆண்டு நோய்க் கையேடு, வளரிளம் பருவத்தினரிடம் துயரத்துக்குப் பதிலாக எரிச்சலே மேலோங்கக்கூடும் என்று குறிப்பிட்டது. அழுகையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் தாய்க்கு இது மிக முக்கியமான செய்தியாகும். தொட்டதற்கெல்லாம் சீறுதல், காரணம் தெரியாத தலைவலியும் வயிற்றுவலியும், விடியும் வரை விழிப்பு, உயிராக நேசித்த கிரிக்கெட்டையோ பாட்டையோ ஓசையின்றிக் கைவிடுதல், மதிப்பெண் சரிதல், தான் எல்லோருக்கும் பாரம் என்ற பேச்சு ஆகியவற்றுள் ஒன்று தனியே நின்றால் பருவத்தின் இயல்பாகவும் இருக்கலாம். ஆனால் பல சேர்ந்து, பிள்ளையின் பழைய இயல்பிலிருந்து விலகி, வாரக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரை நாட வேண்டும். கடைசியாகச் சொன்ன பேச்சு ஒருமுறை வந்தாலும் காத்திருக்கலாகாது.

சென்னையில் இவ்வரலாற்றின் திருப்பம் 1986இல் நேர்ந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய ஸ்நேகா, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அறிவுரை கூறாமல் செவிமடுக்கும் தற்கொலைத் தடுப்பு மையமாகும். பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் நாட்கள் மாணவர்களுக்கு எத்துணை ஆபத்தானவை என்பதை அது விடாது எடுத்துரைத்தது. தோற்றவர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே மீண்டும் எழுதும் துணைத்தேர்வு முறைக்கும் அது குரல் கொடுத்தது. ஒரு தேர்வு அட்டவணையை மாற்றுவதும் உயிர்காக்கும் மருத்துவம்தான் என்ற புரிதல் தமிழ்நாட்டின் அரிய பேறு.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனநெருக்கடிக்கு ஆளானவராகவே கருத வேண்டும் எனக் கூறி, தண்டனை அச்சத்தைப் பெருமளவு நீக்கியது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே அழைக்கலாம். அழைப்பவர் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, மூடிய அறைக்கு வெளியே நிற்கும் பெற்றோரும் அழைக்கலாம்.