கர்ப்பிணித் தாய்மார் போசாக்குக் கொடுப்பனவு

இலங்கையில் 2015இல் தொடங்கிய அரச உதவி. மாதம் 2,000 ரூபா வீதம் 10 மாதங்களுக்கு வவுச்சராக வழங்கப்பட்டது. திருகோணமலைக்கு வடக்கே, முத்துமாரியம்மன் கோயிலால் பேர்பெற்ற மீனவக் கிராமமான சல்லி போன்ற ஊர்களில், தொழில் இல்லாத மாதங்களில் வீட்டுச் சமையலில் முதலில் குறைவது தாயின் பங்குதான். வவுச்சரில் வாங்கும் பயறு, கடலை, முட்டை, நெத்தலிக் கருவாடு ஆகியவை புரதமும் இரும்புச்சத்தும் தந்து இரத்தசோகையைத் தடுக்க உதவும். குடும்பநல மாதுவிடம் பதிந்தவருக்கே உதவி என்பதால் கிளினிக் வருகையும் இதனோடு பிணைந்தது. ஆனால் விலை ஏறினால் வவுச்சர் சுருங்கும். வீட்டார் பகிர்ந்தால் தாய்க்கு மிஞ்சுவது சொற்பம். 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. அதற்குச் சற்று முன்னரே, இடைக்கால வரவு செலவுத் திட்டம் மாதம் 2,500 ரூபா மேலதிகமாக அறிவித்திருந்தது. 1973இல் தொடங்கிய திரிபோஷ சத்துமா விநியோகம் வேறு திட்டம்.