ஜவ்வாது மலையில் மக்கள் நலப் பணிகள்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான ஜவ்வாது மலை திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. செய்யாறு பிறப்பது இங்கேதான். 1989 வரை மலை முழுவதும் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2019 இல் வேலூரிலிருந்து திருப்பத்தூர் பிரிந்தது. இப்போது ஒரே மலையில் வாழும் உறவினர்கள் சாதிச் சான்றிதழுக்கு மூன்று வெவ்வேறு மாவட்டங்களின் அலுவலகங்களைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மலைமேல் உள்ள முக்கிய ஊர் ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமும் அதுவே.

மலைவாழ் மக்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளி என்ற பட்டியல் பழங்குடியினர். தமிழ் பேசுகிறவர்கள்; கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்கு: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலம் முழுவதும் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

பள்ளி, மருத்துவம், குடும்பங்களுக்கான உதவி, கலை ஆகிய எதுவும் இம்மலைக்கு ஒரே கையால் வந்து சேரவில்லை. வனத்துறை ஒன்றைக் கொண்டுவந்தது, மிஷன் மருத்துவமனை ஒன்றை, பழங்குடியினர் நலத்துறை இன்னொன்றை. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாமலே பல காலம் நடந்தது. எல்லாருக்கும் பொதுவாக எதிரே நின்ற தடை தூரம்.

காட்டுச் சட்டமும் பழைய ஏற்பாடும்

காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்பது மலையாளிகளின் மரபுவழிக் கதை. எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலில் இக்கதையும், ஊர்த் தலைவர்கள் வழியாக அவர்கள் தங்களுக்குள் நடத்திவந்த நிர்வாகமும் பதிவாகியுள்ளன. கல்யாணம், பங்காளித் தகராறு, கணவனை இழந்தவளின் மறுமணம் என எல்லாவற்றுக்கும் ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவச்சி, காய்ச்சலுக்குப் பச்சிலை. அரசு என்று ஒன்று வருவதற்கு முன்பே குடும்பத்துக்குக் கைகொடுக்கும் அமைப்பு அங்கே இருந்தது. அதன் குறைகளும் கூடவே இருந்தன: சிக்கலான பிரசவத்துக்கு அதனிடம் விடையில்லை.

அரசு இம்மலையை முதலில் பார்த்தது மரமாகத்தான். 1882 ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காடுகளைக் காப்புக்காடுகளாக்கியது. ஜவ்வாது மலையின் சந்தனமரம் பெயர்பெற்றது. அது இறங்கிச் சேரும் கிடங்கு திருப்பத்தூரில் இருந்தது. கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடும் தொழிலுக்குப் போயின. காட்டிலிருந்து எடுத்துவர உரிமை குத்தகைதாரருக்கு, பொறுக்கித் தரும் வேலை மலைவாசிக்கு என்ற ஏற்பாடு நெடுங்காலம் நீடித்தது. அதை மாற்றுவதற்காக வந்தவை பழங்குடியினருக்கான பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள். மக்கள் நாவில் அவை ‘லேம்ப்’ சொசைட்டி. புளி, தேன், சீயக்காய், கடுக்காய் ஆகியவற்றை வாங்கிக் கடனும் தருவது இவற்றின் வேலை.

ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1974–79) பழங்குடியினர் துணைத் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டப் பகுதிகளாகக் குறிக்கப்பட்டவற்றில் ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, சித்தேரி ஆகியவற்றோடு ஜவ்வாது மலையும் ஒன்று. பெயரில் ‘ஒருங்கிணைந்த’ என்று இருந்தாலும் சாலை ஒரு துறை, கிணறு ஒரு துறை, கறவை மாடு ஒரு துறை என்றுதான் வேலை நடந்தது.

பள்ளியும் விடுதியும்

வெளியூர்க்காரர்களுக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று: இம்மலையில் பள்ளிக்கூடங்களைப் பள்ளிக் கல்வித் துறை மட்டும் நடத்தவில்லை. வனத்துறையே நடத்தும் பள்ளிகள் உண்டு. காப்புக்காட்டுக்குள் இருக்கும் ஊர்களுக்கு வேறு துறையினர் வந்து கட்டடம் எழுப்புவது எளிதாக இல்லாத காலத்தில், காட்டைக் காக்கும் துறையே கரும்பலகையையும் கையிலெடுத்தது. இவற்றோடு பழங்குடியினர் நலத்துறையின் அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இயங்குகின்றன.

உண்டு உறைவிடப் பள்ளியைக் கல்வி நிறுவனம் என்று மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். மழையை நம்பிய சாமை, மலைச்சரிவில் துண்டு நிலம். அறுவடை முடிந்தால் மலையில் வேலை குறைவு. கணவனும் மனைவியுமாகக் கேரள, கர்நாடகத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் கூலிக்குப் போகிறார்கள். பிள்ளைகளைப் பாட்டியிடம் விடலாம், கூடவே கூட்டிப் போகலாம், அல்லது விடுதியில் சேர்க்கலாம். கூடப் போன பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு ஓடிப்போயிருக்கும். விடுதியில் தகரப் பெட்டியோடு சேர்ந்த பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறும் படிப்பும் நிற்காமல் கிடைக்கும். ஆகவே குடும்பங்களுக்கான உதவித் திட்டம் என்று எந்த அரசாணையும் பெயர் சூட்டாவிட்டாலும், மலையில் அந்த வேலையை மிகுதியாகச் செய்திருப்பது விடுதியே. அதன் காப்பாளர் ஊரில் தங்குகிறாரா, மாதத்தில் பாதி நாள் கீழே இறங்கிவிடுகிறாரா என்பதைப் பொறுத்து அந்தப் பள்ளியின் தரம் மாறும்.

1982 ஜூலை 1 இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 1975 முதல் நடக்கும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளின் அங்கன்வாடிகளும் மலைக்கும் ஏறின. இருந்தும் 2011 இல் தமிழ்நாட்டுப் பழங்குடியினரின் எழுத்தறிவு 54 சதவீதம்; மாநில அளவு 80 சதவீதம். வனத்துறை, ஆதிதிராவிடர் நலத்துறை முதலிய துறைகள் நடத்தும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப் போவதாக 2023–24 நிதிநிலை அறிக்கை அறிவித்தது. இம்மலையைப் பொறுத்தவரை அந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டியது பாடத்திட்டத்தைவிட விடுதியையே.

மருத்துவம்

வேலூரில் 1900 இல் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கிய மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர், 1909 அளவில் சாலையோர மருத்துவத்தைத் தொடங்கினார். நோயாளி வருவதற்குக் காத்திராமல் வண்டி கட்டிக்கொண்டு மருத்துவரே போவது என்ற வழக்கம் அங்கிருந்து, அவர் உருவாக்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இயல்பாகவே ஆகிவிட்டது. 1977 இல் கே.வி.குப்பத்தில் அது தொடங்கிய கிராமிய நல, சமூகப் பணிப் பிரிவு (ருஷா) மருத்துவத்தோடு தொழிற்பயிற்சி, மகளிர் குழு, கால்நடை வளர்ப்பு ஆகியவற்றையும் சேர்த்து நடத்தியது. வறுமையை விட்டுவிட்டு வயிற்றுப்போக்குக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை என்பது அதன் அடிப்படை. கல்லூரியின் சமூக மருத்துவத் துறையினர் ஜவ்வாது மலை ஊர்களுக்கு நடமாடும் மருத்துவமனையைக் கொண்டுபோனார்கள். இரத்தசோகை, குழந்தைகளின் ஊட்டம், வீட்டுப் பிரசவம், குடிப்பழக்கம், இரத்த அழுத்தம் குறித்து அவர்கள் செய்த ஆய்வுகள் இம்மலை மக்களின் உடல்நலத்தைப் பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் முக்கியச் சான்றுகள்.

மலையில் ஆபத்தான நோயாளியைக் கீழே இறக்கும் வழி டோலி. மூங்கில் கழியில் போர்வையைத் தூளிபோல முடிந்து, நோயாளியை அதில் கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோள் கொடுத்து ஓட்டமும் நடையுமாக இறங்குவார்கள். தோள் மாற்ற ஆட்கள் கூடவே வர வேண்டும். ஆண்கள் கூலிக்குப் போயிருக்கும் மாதங்களில் அதற்கும் ஆள் திரட்டுவது பாடு. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியபோது டோலியின் தூரம் குறைந்தது. வண்டி வந்து நிற்கும் இடம்வரை டோலி என்றானது.

பிரசவத்தில் தூரத்தை வெல்ல ஓர் எளிய வழி கண்டார்கள். தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் 2005 இல் தொடங்கிய பின், மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறைகள் அமைந்தன. நாள் நெருங்கும் முன்பே கர்ப்பிணி வந்து தங்கலாம். துணைக்கு வரும் தாயாருக்கும் இடம் உண்டு. வலி எடுத்தபின் மலையிறங்கும் அவதி இல்லை. ஆனால் வீட்டில் இன்னும் இரண்டு சிறு பிள்ளைகளும் ஆடுமாடும் இருக்கும் பெண் ஒரு வாரம் முன்னதாக எப்படிக் கிளம்புவாள் என்பதற்கு அறை மட்டும் விடையாகாது. 1987 இல் 300 ரூபாயாகத் தொடங்கி 2018 இல் 18,000 ரூபாயாக உயர்ந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, அந்த விடையின் ஒரு பகுதி.

2021 ஆகஸ்ட் 5 இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. ஐடா ஸ்கடர் வண்டி கட்டிய அதே யோசனைதான், அரசின் அளவில். நாள்பட்ட நோய்க்கு இது பொருத்தமான ஏற்பாடு. பாம்புக்கடி மாதிரியான அவசரத்துக்கு உதவாது. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஒன்றியத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனை சேர முடியாமல் இறந்தது. உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட, தாய் பிள்ளையின் உடலைக் கையில் சுமந்து மலையேறினார். அந்தக் காட்சி நாடெங்கும் பரவிய பிறகு அல்லேரிக்குச் சாலை போடும் பேச்சு விரைந்தது.

பிழைப்பும் குடும்பமும்

2015 ஏப்ரல் 7 இல் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழர்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அதில் மிகுதி. ஜவ்வாது மலை ஊர்க்காரர்களும் அதில் உண்டு. மரம் வெட்டத் தெரிந்த கைகளுக்குச் சொந்த மலையில் வேலை இல்லாததை அந்த நாள் வெளிச்சமிட்டது. மாற்றுத் தொழில் என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் அரசு அலுவலகங்களில் சூடுபிடித்தது.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989 இல் தருமபுரியில் தொடங்கிப் பரவியவை. ஜவ்வாது மலையில் அவை கையிலெடுத்த பொருள்களில் முக்கியமானது சாமை. சாமையின் உமி கல்போல ஒட்டியிருக்கும். களத்தில் அடித்து, உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி அரிசியாக்குவது முழுக்கப் பெண்களின் உழைப்பு. இந்த அலுப்பாலேயே பல வீடுகள் ரேஷன் அரிசிக்கு மாறின. விளைந்த சாமையை முழு தானியமாகவே வியாபாரியிடம் போட்டுவிட்டார்கள். உமி நீக்கும் இயந்திரம் மலைக்கு வந்ததும், பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் ஜமுனாமரத்தூரில் அமைந்து சாமை, புளி, மிளகு, தேன் ஆகியவற்றைப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கியதும், இந்த நிலையைச் சற்றே திருப்பின. நகரத்தில் சிறுதானியத்துக்கு எழுந்த மோகமும் துணை நின்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

கலை

நலப் பணிகளில் கடைசி வரிசையில் நிற்பது கலை. மலையாளி மக்களுக்குச் சேர்வையாட்டம் போன்ற சொந்த ஆட்டங்கள் உண்டு. ஜமுனாமரத்தூரில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் கோடை விழாவில் அவை மேடையேறுகின்றன. பக்கத்திலேயே துறைகளின் அரங்குகளும் நலத்திட்ட உதவி வழங்கலும் நடக்கும். வருடத்துக்கு ஒருமுறை அழைத்துவந்து ஆடவிடுவது கலைக்கான திட்டம் ஆகிவிடாது. பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கும் இடம் பள்ளிக்குள் இருந்தால் பேச்சு வேறு.

அண்டை மலையின் முன்மாதிரி

பள்ளி, மருத்துவம், குடும்ப உதவி, கலை ஆகிய நான்கையும் ஒரே கூரையின்கீழ் செய்து பார்த்த ஊர் ஜவ்வாது மலையில் இல்லை. தருமபுரி மாவட்டத்தில், சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு இடையிலுள்ள சித்திலிங்கிப் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதியர் 1993 இல் ஊர்க்காரர்கள் போட்டுக்கொடுத்த ஓலைக்கொட்டகையில் பழங்குடியினர் நலவாழ்வு முயற்சியைத் தொடங்கினர். அவர் மயக்கவியல் மருத்துவர், இவர் மகப்பேறு மருத்துவர். தொடக்கத்தில் அப்பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 150 ஓராண்டுக்குள் இறந்தன. பிற்பாடு அது இருபதை ஒட்டி இறங்கியது. வெளியிலிருந்து செவிலியரை வரவழைக்காமல் உள்ளூர்ப் பெண்களையே பயிற்றுவித்து அமர்த்தியதுதான் இதில் பெரிய முடிவு. அவர்கள் விட்டுப் போகமாட்டார்கள்; எந்த வீட்டில் யார் கர்ப்பிணி என்பது அவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். மருத்துவமனையைத் தொடர்ந்து இயற்கை விவசாயிகள் சங்கம், ‘துளிர்’ கற்றல் மையம், லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த தையல் வேலைப்பாட்டைத் தொழிலாக மீட்ட ‘பொர்கை’ ஆகியவை தோன்றின. அங்கே கலை மேடைக்குப் போகவில்லை. வீட்டுத் திண்ணையில் ஊசியும் நூலுமாக வருமானம் ஆனது.

சித்திலிங்கி ஒரு பள்ளத்தாக்கு. ஜவ்வாது மலை மூன்று மாவட்டங்களுக்கு நீளும் தொடர். ஒரு மருத்துவமனை அளவில் கூடியது இங்கே அப்படியே கூடாது. எனினும் உள்ளூர்ப் பெண்ணைப் பணியாளராக்கும் பாடத்தை, மக்களைத் தேடி மருத்துவத் திட்டம் சுய உதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக அமர்த்தியதில் பார்க்கலாம்.

பள்ளியின் பக்கம் திரும்பினால், 2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த 23 வயது ஸ்ரீபதி உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார். தமிழ்நாட்டின் பழங்குடிப் பெண்களில் இப்பதவிக்கு முதலில் வந்தவர் என்று கொண்டாடப்பட்டார். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் சென்னைக்குப் பயணம் செய்து தேர்வெழுதியவர். அவர் பள்ளிப்படிப்பை முடித்தது ஜவ்வாது மலையில் அல்ல, ஏலகிரியில்.