கணக்கப்பிள்ளை செய்த கிரேன்

நம் கொல்கத்தா தமிழ்க் குடும்பங்களில் ஒரு பையன் அட்டையிலும் பால்சா மரத்திலும் ரயில் எஞ்சின் செய்கிறான். அச்சு அசல். இப்போது வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாக்கப் போகிறானாம். "பேங்க்ல இருக்கீங்க, நாலு வார்த்தை சொல்லுங்க சார்" என்று அவன் அப்பா என்னிடம் அனுப்பி வைத்தார். நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. ஃபிராங்க் ஹார்ன்பியின் கதையைச் சொன்னேன்.

ஹார்ன்பி என்றால் பலருக்கும் ரயில் மாடல்தான் ஞாபகம் வரும். ஆள் எஞ்சினியர் இல்லை. லிவர்பூலில் இறைச்சி இறக்குமதி செய்த எலியட் என்பவரிடம் கணக்கு எழுதியவர். (நம்ம ஜாதி!) வீட்டில் பையன்களுக்காகத் தகரத்தை வெட்டி கிரேன், பாலம் என்று செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு மாடலுக்கும் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது. எல்லாப் பட்டைகளிலும் அரை அங்குலத்துக்கு ஒரு துளை போட்டுவிட்டால்? அதே பட்டைகளைக் கழற்றி வேறொன்று செய்யலாமே! நம் பிள்ளைகள் திருகி விளையாடிய மெக்கானிக்ஸ் செட்டுக்கெல்லாம் மூலம் இதுதான்.

1901ல் காப்புரிமை வாங்கினார். அதற்கான 5 பவுண்டை முதலாளி எலியட்டிடம்தான் கடன் வாங்கினார். எலியட் பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தையும் கொடுத்துப் பங்காளியாகச் சேர்ந்துகொண்டார். 1903க்குள் 1500 பெட்டிகள் விற்றும் லாபம் இல்லை. பாகங்களை வெளியே செய்து வாங்கினார்கள்; விலை அதிகம், தரமும் சுமார். கொஞ்சமாவது லாபம் கண்ணில் பட்டது 1906ல்தான். 1907ல் சப்ளை செய்தவர்களால் ஆர்டருக்கு ஈடுகொடுக்க முடியாமல் போனபோதுதான் மனிதர் வேலையை விட்டார். கடன் வாங்கி, டியூக் தெருவில் சொந்தப் பட்டறை போட்டு, 'மெக்கானோ' என்ற பெயரையும் பதிவு செய்தார்.

கவனியுங்கள், ஆறு வருஷம் சம்பளத்தை விடவில்லை. அதுவரை நஷ்டத்தை அந்தச் சம்பளம் தாங்கியது. கடன் கேட்டு என் மேஜைக்கு வருபவர்களில் பாதிப் பேர் பட்டறையில் ஆரம்பிக்கிறார்கள். இவர் ஆர்டர் குவிந்த பிறகு பட்டறைக்குப் போனார்.

எனக்குப் பிடித்தது அவருடைய விற்பனை மூளை. 1ஆம் நம்பர் பெட்டி வாங்கினவர் அடுத்த பிறந்தநாளுக்கு 1ஏ என்ற துணைப் பெட்டி வாங்கினால் அது 2ஆம் நம்பர் ஆகிவிடும். அப்புறம் 2ஏ... ரிக்கரிங் டெபாசிட் மாதிரி அப்பாக்கள் கட்டிக்கொண்டே போனார்கள். 1916ல் மெக்கானோவுக்கென்றே ஒரு பத்திரிகையும் வந்தது.

எலியட் கதை பாவம். 1908ல் மெக்கானோ லிமிடெட் ஆரம்பித்தபோது சேர மறுத்துவிட்டார். 1910ல் விற்பனை சுமார் 12,000 பவுண்டு!

1914ல் பின்ஸ் ரோடு தொழிற்சாலை, 1920ல் ஹார்ன்பி ரயில்கள். அந்த ரயில் நிலையங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தச் செய்த குட்டிக் கார்கள்தான் 1934ல் டிங்கி டாய்ஸ் என்று பெயர் பெற்றன. ஹார்ன்பி 1931ல் எவர்ட்டன் தொகுதி எம்.பி. ஆகி, 1936ல் காலமானார்.

அந்த டிங்கி அச்சுகளில் சில பிறகு இதே கல்கத்தாவுக்கு விற்கப்பட்டு, 'நிக்கி டாய்ஸ்' என்ற பெயரில் கார்களாக வந்தன. பையன் இதைக் கேட்டதும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கம்பெனி 1964ல் லைன்ஸ் பிரதர்ஸ் கைக்கும், 1971ல் பிளாஸ்டிக் மாடல் செய்த ஏர்ஃபிக்ஸ் கைக்கும் போனது. 1979ல் பின்ஸ் ரோடு தொழிற்சாலையை மூடியது ஏர்ஃபிக்ஸ்தான். இரண்டே வருஷத்தில் அதுவும் திவால். தனியாகப் பிரிந்து பிழைத்திருந்த ஹார்ன்பி ரயில் கம்பெனி, 2006ல் அந்த ஏர்ஃபிக்ஸையே விலைக்கு வாங்கியது.