பார்வை தெளிவாக இருப்பதாலேயே கண் நலமாக உள்ளது என்று கொள்ள இயலாது: முழுமையான கண் பரிசோதனை யாருக்கு, எப்போது?

புதுதில்லி: கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியைத் தடுமாற்றமின்றிப் படித்து முடிக்கும் ஒருவருக்கு, பார்வை நரம்பின் இழைகளில் கணிசமான பகுதி அப்போதே அழிந்திருக்கக் கூடும். வலி இராது; சிவப்பு இராது; நேர்ப் பார்வையில் மங்கலும் இராது. க்ளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயின் இயல்பு அது. கண்ணில் குறை தெரிந்த பிறகே மருத்துவரை நாடும் வழக்கம் நாட்டில் பரவலாக இருப்பதால், இந்நோய் பெரும்பாலும் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகிறது.

இந்தியாவில் 40 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ 1.12 கோடிப் பேருக்கு க்ளாக்கோமா இருப்பதாக 2010-இல் வெளியான மதிப்பீடு ஒன்று கூறியது. ஆந்திரப் பிரதேசத்திலும் தமிழகத்திலும் பொதுமக்களிடையே நடத்தப்பட்ட ஆய்வுகளில், இந்நோயின் பரவலான வகை இருப்பது உறுதியானவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் அதுவரை அதை அறியாமலே இருந்தனர்.

மாறிவரும் காரணங்கள்

நாட்டின் பார்வையிழப்புத் தடுப்பு முயற்சிகள் கண்ணுக்குத் தெரியும் நோய்களிலிருந்தே தொடங்கின. இமையின் உட்புறத்தைத் தாக்கும் ட்ரகோமா தொற்றைக் கட்டுப்படுத்தும் திட்டம் 1963-இல் தொடங்கப்பட்டது. பின்னர் அது 1976-இல் உருவான தேசியப் பார்வையிழப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ட்ரகோமாவை இந்தியா அகற்றிவிட்டதாக உலக சுகாதார அமைப்பு 2024 அக்டோபரில் அறிவித்தது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் டாக்டர் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் 2015 முதல் 2019 வரை மேற்கொண்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, 50 வயதைக் கடந்தோரில் 1.99 சதவீதத்தினர் பார்வையிழந்தவர்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்புரையே காரணம். க்ளாக்கோமாவின் பங்கு 5.5 சதவீதம் மட்டுமே. எண்ணிக்கையைக் கொண்டு பார்த்தால் பின்னது சிறியது. ஆயினும் இரண்டுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. கண்புரையை நோயாளி தாமே உணர்வார். அறுவைச் சிகிச்சையால் பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். க்ளாக்கோமாவில் போன பார்வை திரும்புவதில்லை.

வட இந்தியப் பேச்சுவழக்கில் கண்புரைக்கு 'சஃபேத் மோதியா' என்றும், க்ளாக்கோமாவுக்கு 'காலா மோதியா' என்றும் பெயர். வெள்ளை, கருப்பு என்ற அடைமொழி மட்டுமே வேறுபடுவதால், இரண்டும் ஒரே நோயின் இரு வடிவங்கள் என்றும், 'முற்றிய பிறகு' அறுவை செய்துகொள்ளலாம் என்றும் கருதுவோர் உள்ளனர். கண்புரைக்கே இன்று அவ்வாறு காத்திருக்கத் தேவையில்லை. க்ளாக்கோமாவிலோ காத்திருப்பதே பார்வையைப் பறிக்கும். பெயர் ஒற்றுமை இழைத்த தீங்கு சிறிதன்று.

நோய் மறைந்திருப்பது எவ்வாறு?

கண்ணின் முன்பகுதியில் இடையறாது சுரக்கும் திரவம் நுண்ணிய வடிகால் வழியே வெளியேறுகிறது. வெளியேற்றம் தடைப்பட்டால் கண்ணின் உள் அழுத்தம் உயர்ந்து, சுமார் 12 லட்சம் இழைகளைக் கொண்ட பார்வை நரம்பு சிறிது சிறிதாகச் சேதமடைகிறது. பார்வைப் புலத்தின் ஓரங்களே பொதுவாக முதலில் பாதிக்கப்படும். ஒரு கண்ணில் விடுபட்டதை மறு கண் ஈடுசெய்கிறது. எஞ்சிய இடைவெளியை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. படிக்கட்டில் கால் இடறுவதும், பக்கவாட்டில் வரும் வாகனம் கண்ணில் படாமல் போவதும் வயதின் தளர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

இயல்பான கண் அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவு எனக் கொள்ளப்படுகிறது. எனினும் இவ்வரம்புக்குள் அழுத்தம் இருக்கும்போதே நரம்பு சேதமடைவோரும் உண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து நலம் என்று கூறிவிட முடியாது. சொட்டு மருந்து, லேசர், அறுவைச் சிகிச்சை ஆகிய மூன்றும் எஞ்சியுள்ள பார்வையைக் காக்கவே பயன்படுகின்றன. திடீரெனக் கடும் கண்வலி, சிவப்பு, வாந்தி, விளக்கைச் சுற்றி வண்ண வளையம் ஆகியவற்றுடன் தோன்றும் மற்றொரு வகை க்ளாக்கோமாவும் உண்டு. அதற்கு அன்றே சிகிச்சை தேவை.

நீரிழிவும் இதே போன்று ஓசையின்றிச் செயல்படுவது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-இல் தெரிவித்தது. மேற்கூறிய தேசியக் கணக்கெடுப்புக் காலத்தில் 50 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளைப் பரிசோதித்தபோது, 16.9 சதவீதத்தினருக்கு விழித்திரைப் பாதிப்பு காணப்பட்டது. விழித்திரையின் நுண்குழாய்கள் கசியத் தொடங்கிய பின்னரும் நீண்ட காலம் பார்வை தெளிவாகவே இருக்கலாம்.

கண்ணாடி அளவு பார்ப்பது மட்டும் போதாது

கணினி இயந்திரத்தில் முகவாயை வைத்து கண்ணாடியின் 'பவர்' அறிந்து வருவதையே கண் பரிசோதனை எனப் பலர் கருதுகின்றனர். அது ஒளிக்குவியக் குறையை மட்டுமே காட்டும். முழுமையான பரிசோதனையில் பார்வைத் திறனுடன் கண் அழுத்தமும் அளக்கப்படும். ஸ்லிட் லாம்ப் கருவியால் கண்ணின் முன்பகுதி ஆராயப்படும். சொட்டு மருந்திட்டுக் கண்மணியை விரித்து, விழித்திரையும் பார்வை நரம்பின் முனையும் பார்க்கப்படும். நரம்பில் ஐயம் எழுந்தால் பார்வைப் புலச் சோதனை தொடரும்.

குறையேதும் இல்லாதவர்களும் 40 வயதில் ஒருமுறை இதைச் செய்துகொண்டு, பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் தொடர வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. 65 வயதுக்குப் பின் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவசியம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ க்ளாக்கோமா இருந்தால் 40 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளோர், நோய் கண்டறியப்பட்ட உடனேயும் அதன்பின் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

கண் அரிப்புக்காக மருந்துக் கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி மாதக்கணக்கில் இட்டுக்கொள்வோர் தனிக் கவனத்துக்குரியவர்கள். அம்மருந்து அரிப்பை உடனே தணிக்கும். சிலருக்குக் கண் அழுத்தத்தையும் உயர்த்திவிடும். ஒவ்வாமையால் அவதிப்படும் சிறுவர்கள் இவ்வாறு பார்வையிழப்பது முற்றிலும் தவிர்க்கக்கூடியது.

குழந்தைகளுக்குக் கால வரையறை மேலும் கண்டிப்பானது. 34 வாரங்களுக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைந்த எடையுடனோ பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாள்களுக்குள் பரிசோதிக்க வேண்டும்; மிகக் குறைமாதக் குழந்தைக்கு அதனினும் முன்பாக. ஒரு கண்ணில் மட்டும் பார்வை குன்றிய 'சோம்பல் கண்' ஏழெட்டு வயதுக்குள் கண்டறியப்பட்டால் நற்பலன் மிகுதி. மறு கண் நன்றாகத் தெரிவதால் குழந்தை எதையும் முறையிடாது, பெற்றோருக்கும் புலப்படாது. பள்ளிகளில் நடைபெறும் கண் பரிசோதனையில் குறை கண்டறியப்படும் மாணவர்களுக்குத் தேசியத் திட்டத்தின் கீழ் இலவசக் கண்ணாடி வழங்கப்படுகிறது.

மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் கண் மருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. கண்மணியை விரிக்கும் மருந்திட்ட பின் சில மணி நேரம் அருகிலுள்ளவை மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். எனவே துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வது நலம்; அன்று வாகனம் ஓட்டலாகாது. முந்தைய மருந்துச் சீட்டுகளையும் பழைய கண்ணாடியையும் உடன் எடுத்துச் சென்றால், மருத்துவர் மாற்றங்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.