கல்லில் எழுதிய ஃபைல்

1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போனால், கோபுரத்தை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சுவரையும் பாருங்கள். பல ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்து வந்து அவன் குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் கல்லில் இருக்கிறது. தெரு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், பெயர், பங்கு... ஆளுக்காள் அதே வரிசை! ஒரு பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல்.

பி.காம். படித்த எனக்கு இது லெட்ஜர். கம்ப்யூட்டர்காரர்களுக்கோ 'சி' மொழி ஞாபகம் வரும். 1970-களில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கியது. அதில் 'எஃப்பிரிண்ட்எஃப்' என்றொரு கட்டளை. வாக்கியம் ஒன்றுதான், பெயருக்கும் எண்ணுக்கும் காலி இடம் விட்டிருக்கும். அதை நிரப்பி நிரப்பி ஃபைலில் எழுதலாம். மழைமானிக்குள் இருக்கும் குட்டிக் கம்ப்யூட்டர்கூட இப்படிக் கணக்கு எழுதும். ஆனால் ஓர் ஆபத்து. எழுதியது முதலில் தற்காலிக நினைவகத்தில் காத்திருக்கும். ஃபைலுக்குப் போய்ச் சேருமுன் கரன்ட் போனால், அம்பேல்!

சோழர்களின் ஓலைக் கணக்குகளும் அப்படித்தான் போயின. கல்லில் ஏறியது நின்றது. ராஜராஜன் பெயர் எப்படியும் தங்கியிருக்கும். அந்த 400 பெண்கள்? ஆயிரம் வருஷம் கழித்தும் வீட்டு எண்ணோடு நிற்கிறார்களே... பெயர் தெரியாத அந்தக் கணக்கருக்கு ஒரு கும்பிடு போடுங்கள்!