வெள்ளைப் புள்ளி பிறந்த கதை

‘சிசுவின் இதயத்தில் வெள்ளைப் புள்ளி.’ ஐந்தாம் மாத ஸ்கான் றிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி வந்துவிட்டால், கொடிகாமத்தில் எந்த வீட்டிலும் அன்றிரவு நித்திரை இராது. புள்ளி எந்தக் காலத்திலும் இருந்திருக்கும். அதைப் பற்றிய பயத்துக்குத்தான் வயது குறைவு.

1958இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் கூட்டாளிகளும், உலோகத்தின் உள்வெடிப்பைக் கண்டுபிடிக்கும் ஒலியலைக் கருவியைத் திருத்தி, வயிற்றுக்குள் பார்த்த படங்களை வெளியிட்டார்கள். 1980களில் படம் தெளிந்தது. சிசு இதயத்தின் நாலு அறைகளும் பிரிந்து தெரிந்தன. அப்போதுதான், பெரும்பாலும் இடது கீழறையில், எலும்பளவு வெளிச்சமாக ஒரு துளி கண்ணில் பட்டது. 1987இல் அதை மருத்துவ இதழில் எழுதினார்கள். வால்வின் நாண்களைப் பிடித்திருக்கும் சிறு தசையில் சுண்ணாம்புச் சத்து படிந்தால் ஒலி அப்படித் திரும்பி வரும். இதயத்தின் வேலைக்கு அதனால் குறையில்லை.

பயம் 1992இல் வந்தது. ரொபர்ட்ஸ், ஜெனஸ்ட் என்ற இரு நோயியலாளர்கள் இறந்த சிசுக்களின் இதயங்களை ஆராய்ந்தார்கள். இயல்பான சிசுக்களில் 2 வீதத்தினருக்கும், டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ளவற்றில் 16 வீதத்தினருக்கும் அந்தப் படிவு இருந்தது. 1995இல் பொஸ்டனில் பெரில் பெனசெராஃப் குழு 1,334 கர்ப்பிணிகளைப் பார்த்தது. டவுன் சிண்ட்ரோம் இல்லாத சிசுக்களில் 4.7 வீதத்தினருக்குப் புள்ளி; டவுன் சிண்ட்ரோம் உள்ள 22 சிசுக்களில் 4க்குப் புள்ளி. புள்ளி எச்சரிக்கைக் குறியானது.

தாய்மார் எந்த இனத்தவர் என்பதைப் பிறகுதான் கணக்கில் எடுத்தார்கள். எடுத்ததும் அதே குழுதான். 2000இல் வந்த அவர்களின் ஆய்வில், ஆசியத் தாய்மாரின் சிசுக்களில் புள்ளி வெள்ளையரைவிட ஏறத்தாழ 3 மடங்கு கூடுதலாகத் தெரிந்தது. மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் பலா நின்றால், பலாவைச் சொல்லி வீட்டை அடையாளம் காட்ட முடியாது. நோயில்லாத பிள்ளைகளிடமே பரவலாக இருக்கும் குறி, நோயைப் பற்றிச் சொல்லக்கூடியது குறைவு. ஆனாலும் ‘ஆசியர்’ என்ற ஒரே சொல்லுக்குள் யப்பானியரும் சீனரும் நாங்களும் சேர்ந்தே கிடக்கிறோம். அதனால் அந்த 3 மடங்கை அப்படியே எங்கள் தென்மராட்சிக்குக் கொண்டுவரவும் கூடாது.

தாயின் வயது புள்ளியைவிடக் கனமான சாட்சி. 25 வயதில் டவுன் சிண்ட்ரோம் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1,300இல் 1. 40இல் 100க்கு 1. அமெரிக்கத் தாய்-சேய் மருத்துவச் சங்கம் 2021இல் தெளிவாகவே சொன்னது: வேறு குறை ஏதும் இல்லாமல், டவுன் சிண்ட்ரோமுக்கான இரத்தப் பரிசோதனையும் நல்லபடி இருந்தால், தனிப் புள்ளிக்காக மேற்கொண்டு சோதனை வேண்டாம். வயிற்றில் ஊசி செலுத்திக் கருப்பை நீரை எடுக்கும், கருச்சிதைவு ஆபத்து சிறிதாவது உள்ள சோதனைக்குப் புள்ளி மட்டும் காரணமாகாது.

ஆகவே றிப்போர்ட்டோடு கிளினிக்குக்குப் போகும் பிள்ளைத்தாச்சி, “புள்ளி ஏன் வந்தது?” என்று கேட்டு மனம் உடையத் தேவையில்லை. “வேற ஏதும் தெரியுதோ, டொக்டர்? என்ர வயசுக்கு இரத்தம் சோதிக்க வேணுமோ?” என்று கேட்டால் போதும்.