புகைக்குழாயும் பதிவுச் சான்றும்: ஒரு பழைய பிக்கப் வண்டியை முன்வைத்து

அம்பர்நாத் என்றதும் வரலாற்று மாணவர்களுக்கு நினைவில் எழுவது 1060ஆம் ஆண்டைச் சேர்ந்த சிலாகாரர் காலச் சிவன் கோவில். அந்நகரின் இருபதாம் நூற்றாண்டு வரலாறோ பெரிதும் தொழில் வரலாறு. 1920களில் விம்கோ தீப்பெட்டி ஆலை, 1953இல் பாதுகாப்புத் துறையின் இயந்திரக் கருவி முன்மாதிரித் தொழிற்சாலை, 1962இல் உருவான மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தொழிற்பேட்டை எனப் படிப்படியாக அது வளர்ந்தது. இத்தகைய நகரங்களில் சரக்கு சுமக்கும் சிறு பிக்கப் வண்டிகளுக்கு நீண்ட ஆயுள் உண்டு. கல்யாண் அலுவலகத்தில் ‘எம்.எச். 05’ என்று பதிவாகும் அவ்வண்டிகளின் ஒரே ஓர் உறுப்பைக் கொண்டு, ‘மாற்றம்’ என்ற சொல்லின் சட்ட வரலாற்றை அணுக முடியும். அவ்வுறுப்பு, எஞ்சினிலிருந்து புகையை வெளியே கொணரும் மேனிஃபோல்டு.

ஆலையிலிருந்து வரும் மேனிஃபோல்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. செலவு குறைவு, இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆனால் நான்கு சிலிண்டர்களின் புகையும் ஒரே குறுகிய அறையில் மோதுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் 180 பாகைக்கு ஒருமுறை ஒரு சிலிண்டர் வெடிக்கிறது. புகைவால்வோ அதைவிட நீண்ட நேரம் திறந்திருக்கிறது. எனவே ஒன்றின் அழுத்தம் அடுத்ததன் வெளியேற்றத்தைத் தடுக்கிறது. ஹெடர் என்பது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் அமைத்து, அவற்றைத் தொலைவில் இணைப்பது. 1, 4 ஆகியவற்றை ஓர் இணையாகவும் 2, 3 ஆகியவற்றை மற்றோர் இணையாகவும் சேர்த்துப் பின் ஒன்றாக்கும் முறை பரவலானது. இதன் முழுப் பயன் பெட்ரோல் எஞ்சினின் உயர் சுழற்சியில்தான் கிட்டும். மெதுவாகச் சுழலும் டீசல் சரக்கு வண்டியில் ஆதாயம் சிறிது. டர்போ உள்ள எஞ்சினிலோ, டர்போவைத் தாங்குவதே மேனிஃபோல்டுதான்.

அப்படியிருந்தும் பழைய வண்டிக்கு மாற்றுக்குழாய் தேவைப்படுவதற்கு வேகம் மட்டுமே காரணமன்று. பல்லாண்டுகள் சூடேறிக் குளிர்ந்த வார்ப்பிரும்பு விரிசல் விடுகிறது. ஆலை அந்த உதிரிபாகத்தைத் தயாரிப்பதை நிறுத்தியிருக்கலாம். அப்போது பட்டறையே ஆலையாகிறது. துருப்பிடித்த ஸ்டட்டுகளை உடையாமல் கழற்ற வேண்டும்; ஃபிளாஞ்சைக் கடைந்து சமப்படுத்த வேண்டும்; பிரேக் குழாயையும் மின்கம்பிகளையும் வெப்பம் தாக்காதவாறு குழாயை வளைக்க வேண்டும்; புது கேஸ்கட் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி முறுக்கி, எஞ்சின் ஒருமுறை சூடேறி ஆறியபின் மீண்டும் முறுக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியானால் எரிபொருள் கலவையையும் சரிபார்க்க வேண்டும்.

இது பழுதுபார்ப்பா, மாற்றமா? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொடக்கத்தில் பதிவுச் சான்றை அளவுகோலாகக் கொண்டது. சான்றிலுள்ள விவரங்கள் பொருந்தாமற்போகும்படி வண்டியை மாற்றுவோர், பதிவு அதிகாரிக்கு அறிவித்து ஒப்புதல் பெற வேண்டும். 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அளவுகோலை இடம்பெயர்த்தது. சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறாக அமையக்கூடாது என்றாயிற்று. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதிக்கப்படாத பாகம் பொருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டையும் விதிக்க வகைசெய்தது. சி.என்.ஜி. போன்ற எரிபொருள் மாற்றக் கருவிக்கு 52ஆம் பிரிவே தனி வழி காட்டுகிறது. புகைக்குழாய்க்கு அத்தகைய வழி அதில் சொல்லப்படவில்லை.

கலிஃபோர்னியா வேறு பாதையில் சென்றது. அங்குள்ள காற்றுவள வாரியம் மாற்று உதிரிபாகத்தையே சோதித்து, அதற்கென விலக்காணை எண் வழங்குகிறது; 1975 மாடலும் அதற்கு முந்தையவுமான பெட்ரோல் வண்டிகள் புகைச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றுள்ளன. அங்கே பாகமும் வயதும் தனித்தனியே எடைபோடப்படுகின்றன.

புகையும் இரைச்சலும் பொதுநலனைப் பாதிப்பவை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 115உம் 120உம் முறையே அவற்றைக் கட்டுப்படுத்துவது நியாயமே. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. சத்தத்துக்காகக் குழாய் மாற்றுபவரும், விரிந்த மேனிஃபோல்டை வேறு வழியின்றி மாற்றும் சரக்கு வண்டிக்காரரும் ஒரே ஐயப் பார்வைக்கு ஆளாகின்றனர்.

தொழில்நுட்ப வரலாற்றாய்வுக்கும் இதில் ஓர் இழப்பு உண்டு. ஒப்புதல் முறை நிலவியவரை, பெரிய மாற்றங்களேனும் பதிவேட்டில் தடம் விட்டுச் செல்ல வழியிருந்தது. தடைக்கு அஞ்சிச் செய்யப்படும் மாற்றம் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. எனவே பட்டறைகளின் அறிவைத் தேடும் ஆய்வாளர் ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிட முடியாது. வண்டியின் அடியில் குனிந்து, பற்றவைப்புத் தழும்புகளையும் சான்றாக வாசிக்க வேண்டியிருக்கும்.